சீதனம் இல்லாத கலியாணம்

"முறையெண்டு ஒண்டு கிடக்கெல்லோ, அக்கா. எங்கட ஜோசுவாவுக்கு நீங்கள் போட்ட மோதிரமும் சங்கிலியும் இந்தப் பைக்குள்ள கிடக்கு, பாத்து எடுங்கோ. நாங்கள் உங்கட மெலனிக்குத் தந்ததையும் தந்தியளெண்டால் அலுவல் முடிஞ்சுது" என்றார் சூசைதாசன்.

ஞாயிறு பூசை முடிந்து அவரும் மனைவி றெஜினாவும் நேரே கிளடிஸின் வீட்டுக்கு வந்திருந்தார்கள். குளிருக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தேத்தண்ணியும் வேண்டாமாம். ஆறு மாதத்துக்கு முன், தங்கள் மகனுக்கும் கிளடிஸின் மகளுக்கும் நிச்சயதார்த்தம் நடந்த அன்று, இதே கதிரையில் இருந்து இரண்டு தரம் கேட்டு வாங்கிக் குடித்தவர்கள்!

கிளடிஸ் கணவனைப் பார்த்தாள். கஸ்பர் ஜன்னலோரம் தலை குனிந்து இருந்தார். குடியேறி வந்த நாட்டின் பொலிஸில் சுப்பிரின்டென்டன்டாக இருந்த மனிதர். எங்கட ஆக்களில் இவ்வளவு உயரம் போனவர் யார் என்று மேடை மேடையாகப் பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டியவர்களின் மூன்று வழக்குக் கோப்புகளைக் காணாமற் செய்து, அதற்குக் கைமாறாகத் தன் வீட்டுக்குப் புதுக் கூரையும் பேஸ்மென்ற் வேலையும் செய்வித்துக்கொண்டார் என்று வியாழக்கிழமை கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. தண்டனை அடுத்த மாதம். இன்றைக்குப் பூசையில் அவர்கள் இருந்த நீள வாங்கில் வேறொருவரும் வந்து இருக்கவில்லை.

றெஜினா பெருமூச்சு விட்டாள். "எங்களுக்கு மட்டும் விருப்பமே? மறியலுக்குள்ள போறவன்ர வீட்டிலயோ பொம்பிளை எடுத்தனியள் எண்டு நாளைக்கு நாலு சனம் கேக்கும். எங்களுக்கும் மானம் மரியாதை கிடக்கு."

மானமாம், மரியாதையாம்.

கோர்ட்டுக்கு வராத நாலாவது கோப்பு ஒன்று இருந்தது. போன வருஷம் ஜோசுவா குடித்துவிட்டுக் கார் ஓடி, வெக்ஸ்போர்ட் பகுதியில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு மனுசியை இடித்துவிட்டு நிற்காமல் ஓடிப்போனான். இடுப்பெலும்பு உடைந்து, இன்றைக்கும் அந்த மனுசி வோக்கர் பிடித்துத்தான் நடக்கிறாள். கலியாணப் பேச்சு வந்தபோது இதே சூசைதாசன்தான் சொன்னார்: "எங்களுக்கு ஒரு சதமும் சீதனம் வேண்டாம். பொடியன்ர பேரில சின்ன அலுவல் ஒண்டு கிடக்கு. அண்ணை ஒரு சொல்லுச் சொன்னால் காணும்." கஸ்பர் முதலில் மாட்டேன் என்றார். "ஊருக்கெல்லாம் செய்யிறியள், பெத்த பிள்ளைக்குச் செய்ய ஏலாதோ?" என்று மூன்று நாள் அவரைச் சாப்பிட விடாமல் அரித்தெடுத்தவள் கிளடிஸ்தான். இடித்த கார் எதுவென்று தெரியவில்லை என்று கோப்பு மூடப்பட்டது. பிறகு அவளே கோயில் மண்டபத்தில் வாய் நிறையச் சொல்லித் திரிந்தாள், சீதனம் இல்லாத கலியாணம் என்று. ஏன், சீதனம் என்றால் காசும் வீடுமாய்த்தான் வரவேண்டுமா?

அவள் எழுந்துபோய், மெலனி கழற்றி வைத்திருந்த மோதிரத்தையும் நிச்சயச் சேலையையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"சரி. இப்ப நாங்கள் தந்ததையும் திருப்பித் தாங்கோ."

"எல்லாம் பைக்குள்ள கிடக்கெல்லோ?"

"பெரிசு ஒண்டு மிச்சம் கிடக்கு. உங்கட மகன்ர கேஸ்."

சூசைதாசனின் முகம் கறுத்தது. "என்ன விசர்க் கதை கதைக்கிறியள்! அதைக் கிளறினால் அண்ணைக்குத்தான் தண்டனை இன்னும் கூட விழும். பிறகு எங்களை நோகாதேங்கோ."

அது உண்மைதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் மனுசன் சிறையிலிருந்து கெதியில் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆனால் இவர்கள் மானத்தோடு படியிறங்கிப் போவார்கள், அந்த மனுசி வோக்கரோடு நடப்பாள்.

"நாளைக்கு ஸ்டேசனுக்குப் போய் நானே சொல்லுறன். விழுகிறது விழட்டும்" என்றார் கஸ்பர். அன்று அவர் பேசிய முதற் பேச்சு அது.

"நானும் வாறன். உங்களைக் கெடுத்தது நான்தானே" என்றாள் கிளடிஸ். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

றெஜினா மேசையிலிருந்த நகையையும் சேலையையும் பத்திரமாக எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"நீங்கள் வாங்கோப்பா" என்று புருசனைக் கூப்பிட்டாள். "விட்பியில பொடியனுக்குப் பேசிற கலியாண இடத்தைக் கெதியா முடிப்பம். பெட்டையின்ர தகப்பன் பெரிய கிரிமினல் லோயர். அவையளிட்டையும் நாங்கள் ஒரு சதம் சீதனம் கேக்கேல்லைத்தானே?"

வியாழக்கிழமை தீர்ப்பு, ஞாயிற்றுக்கிழமைக்குள் அடுத்த பொம்பிளை!

மாடிப்படியில் மெலனி நின்றாள். நெடுநேரமாக நின்றிருக்க வேண்டும், எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அழவில்லை.

"அன்ரி, அந்த விட்பிப் பிள்ளையின்ர பேர் என்ன?"

சப்பாத்துக்குள் கால் நுழைத்த றெஜினா நிமிர்ந்தாள். "உமக்கேன் பிள்ளை அது?"

"நீங்கள் சொல்லாட்டிலும் நான் தேடிப் பிடிப்பன். தன்ர கலியாணத்துக்கு என்ன சீதனம் எண்டு அவளுக்காவது தெரிய வேணும். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

கடைசிச் சொல்லை அவள் தாயைப் பார்த்துத்தான் சொன்னாள்.