கயிறு பிடிக்காத கை

சங்கு குளிப்பவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும். தங்கையின் தாலி போகும் என்றால் எவனும் கயிற்றை விடமாட்டான். தொம்மை கடலுக்குள் இறங்கினால், அவன் பெண்டாட்டி பிளாரன்ஸின் அண்ணன் சூசை வள்ளத்தில் நிற்பான். அடியில் தொம்மை கயிற்றைச் சுண்டினால் இழுக்க வேண்டும்.

அந்த வருஷம் சூசையின் பிடரியில் கறுப்பாக ஒரு பட்டை படர்ந்தது. கயிறு இறுக்கிய தடம் போல. பிளாரன்ஸ் தேங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தாள்.

"அழுக்கு இல்லளா, விடு. தோலு உரியுது."

"பின்ன என்னண்ணே, கடலுக்குள்ள இருந்து எவனும் சுருக்குப் போட்டுட்டானா?"

சூசை சிரிக்கவில்லை. வேறொன்றும் இருந்தது. காலையில் வயிறாரத் தின்று கடலேறினால், வெயில் ஏறும் நேரத்தில் குளிர்ந்து வியர்க்கும். காது அடைக்கும். இரண்டு கையும் நடுங்கும். தொம்மை சுண்டாமலே கயிறு சுண்டும். மடியிலிருந்து கருப்பட்டித் துண்டை எடுத்து வாயில் போட்டால் அடங்கும்.

டவுனில் டாக்டர் கிருபாநிதி ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"சீனி வியாதி இன்னும் வரல. வாசல்ல நிக்கி. சாப்பிட்ட சீனியச் சேத்துவைக்க இன்சுலின் ஊறும். ஒம்ம ஒடம்பு அதுக்கு மசிய மாட்டேங்குது. அதனால கூடக்கூட ஊறி, கடைசில சீனிய ஒரேயடியா இறக்கிருது. அப்பந்தான் நடுக்கம். கழுத்துக் கறுப்பும் அதாலதான். இனிப்ப விடும்."

"சீனியத் தொடுததே இல்லய்யா. கருப்பட்டி மட்டுந்தான்."

"அதுவும் சீனிதாம்வே."

சூசை நம்பவில்லை. நடுக்கத்தை நிறுத்துவதே கருப்பட்டிதானே.

தொம்மையிடம் மட்டும் சொன்னான். "மச்சான், வேற ஆள வச்சுக்க."

"கண்டவன் கையில எங்கன உசுரக் குடுக்க? பேசாம ஏறும்."

அன்றும் சூசை கருப்பட்டிக் காப்பியைச் செம்பு நிறையக் குடித்துவிட்டுத்தான் ஏறினான். வெயில் ஏறியது. கயிறு சுண்டியது. இழுத்தான். தொம்மை வெறுங்கையோடு வந்தான்.

"நான் சுண்டலயே மச்சான்."

மறுபடி இறங்கினான். மறுபடி சூசை இழுத்தான்.

"சங்கெடுக்க விடுவீரா, இல்ல என்னய வச்சுத் தூண்டில் போடுதீரா?"

தொம்மை வள்ளத்தைப் பிடித்து நெடுநேரம் மூச்சு வாங்கினான். அதற்குள் சூசை கருப்பட்டியைத் தின்று முடித்தான். தொம்மை இறங்கினான்.

கயிறு நடுங்கியது. சூசை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். இழுக்கவில்லை. கடல் தட்டையாகக் கிடந்தது. நாக்கில் இனிப்பு இருந்தது. கயிறு இன்னும் நடுங்கியது.

கயிறு பிடிக்காத இடது கையைப் பார்த்தான். அது அசையாமல் இருந்தது.

பிறகு கயிறும் அசையாமல் நின்றது.