நான்காவது பட்டைக்கு மேல்

ரத்னாவின் பின்னலில் நிறம் மாறுகிற இடமெல்லாம் பல் முளைத்திருக்கும். சிவப்புப் பட்டை முடிந்து வெள்ளை தொடங்கினால், வெள்ளையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கண்ணி துருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்து வீட்டு விக்டோரியாவின் பின்னலிலோ கத்தியால் நறுக்கி ஒட்டவைத்ததுபோல நிறம் மாறும். இருவரிடமும் ஒரே மாதிரி குரோஷா ஊசிதான், ஒரே கடை உல்லன்தான்.

"உனுக்கு மட்டும் எப்டிடி இப்டி வருது?"

"உன் கை இறுக்கம்க்கா. நூல லூசா வுடு."

லூசாக விட்டாள். பல் இன்னும் பெரிதானது. ஆறு மாதத்தில் இருபது தடவையாவது கேட்டிருப்பாள், பதில் மாறவில்லை. நிறம் மாற்றும்போது மட்டும் விக்டோரியா முந்தானையை மடிமேல் இழுத்துவிட்டுக்கொள்வாள். அதை ரத்னா கூச்சம் என்று நினைத்தாள்.

ரத்னாவின் புருஷன் கலியன் சூளூர்ப்பேட்டையில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணனின் நிலம் கம்பெனிக்காரர்களிடம் போய், அதே நிலத்தின் கேட்டில் அவன் வாட்ச்மேனாக நின்றுகொண்டிருந்தான். அண்ணி அங்காளம்மாள் திட்டுகிற ரகமில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, "இன்னும் வேணுமா ரத்னா?" என்று கேட்டபடியே காலிப் பானையைச் சுரண்டுவாள்.

கான்வென்ட் பின்னல் கூடத்தில் வேலை கிடைத்தால் பின்கட்டில் ஓர் அறையும் தருவார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய அறை. ஆறு மாதமாக அந்த அறையைத்தான் ரத்னா மனசுக்குள் தினமும் பெருக்கிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

தேர்வுக்கு ஒன்பது பெண்கள் வந்திருந்தார்கள். சிஸ்டர் அலோசியா கான்வென்ட் உல்லனைப் பங்கிட்டுக் கொடுத்தார்.

"ஏழு நிறம், ஏழு பட்டை. கை மேசைமேல் இருக்கணும். இரண்டு பேரை எடுக்கப்போகிறோம்."

இரண்டு பேர் என்றதும் எதிர் பெஞ்சில் இருந்த விக்டோரியா சட்டென்று தலையைத் தூக்கினாள். பிறகு குனிந்துகொண்டாள்.

ரத்னா நான்கு பட்டை முடித்தபோது மதிய ஜெபத்துக்கு மணி அடித்தது. சிஸ்டர் எழுந்து போனார். விரலை நீவிவிட்டபடி நிமிர்ந்த ரத்னாவின் கண் எதிரே போனது. விக்டோரியா அப்போதுதான் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருந்தாள். மடியும் இல்லை, முந்தானையும் இல்லை.

பச்சையின் கடைசிக் கண்ணியை அவள் பச்சையில் முடிக்கவில்லை. பாதியில் நிறுத்தி, ஊசியில் இரண்டு வளையம் இருக்கும்போதே மஞ்சளைக் கொக்கியில் மாட்டி, அந்தக் கடைசி இழுப்பை மஞ்சளால் இழுத்தாள்.

அவ்வளவுதான். ஒரே ஓர் இழுப்பு.

ரத்னாவுக்குக் கோபம் வர நேரமில்லை. ஊசி தானாக ஓடியது. ஐந்து, ஆறு, ஏழு. பல் இல்லை. தன் கையா இது என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அப்படி மூன்று பட்டை அதுவரை வந்ததில்லை.

சிஸ்டர் திரும்பிவந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். ரத்னாவுடையதை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதில் இரண்டு கை இருக்கிறது. மேலே போட்டது யார்?"

"நான்தான் சிஸ்டர். இப்பத்தான் பாத்து கத்துக்கினேன்."

"அரைமணி நேரத்திலா?" சிஸ்டர் எதிர் பெஞ்சைப் பார்த்தார். மேல் பட்டைகளும் விக்டோரியாவின் பட்டைகளும் ஒரே அச்சு. "நீ போட்டுக் கொடுத்தாயா?"

விக்டோரியா உதட்டை நனைத்துக்கொண்டாள். "நான் என் வேலயப் பாத்துக்கினு இருந்தேன் சிஸ்டர். எனுக்குத் தெரியாது."

"முழுக்கக் கீழே இருக்கிற மாதிரியே போட்டிருந்தாலும் எடுத்திருப்பேன் அம்மா," என்றார் சிஸ்டர் ரத்னாவிடம். குரலில் கடுமை இல்லை, உண்மையான வருத்தம்தான். "ஓரத்தைப் பழக்கிவிடலாம். பொய்யை என்ன செய்வது?"

விக்டோரியாவையும் ஆரணியிலிருந்து வந்த ரோசம்மாளையும் எடுத்தார்கள். மற்றவர்கள் கலைந்தார்கள். போகும்போது சிஸ்டர் ரத்னாவின் பின்னலை விக்டோரியா முன்னால் வைத்தார். "இதைப் பிரித்து உருண்டையாக்கு. உல்லன் வீணாக வேண்டாம்."

ரத்னா எழுந்திருக்கவில்லை.

"ஒரே ஆளத்தான் எடுப்பாங்கன்னு நெனச்சேன்க்கா," என்றாள் விக்டோரியா, மேசையைப் பார்த்தபடி. "ரெண்டு பேருன்னு தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லிக் குடுத்திருப்பேன்."

"இப்பத் தெரியுமே. சிஸ்டர் கேட்டாங்களே."

"வாயத் தொறந்தா என்னியும் அனுப்பிட்டாங்கன்னா?"

விக்டோரியா கடைசிக் கண்ணியை அவிழ்த்து நூலை இழுத்தாள். குரோஷா மேலிருந்துதான் பிரியும். ஏழாவது பட்டை சரசரவென்று போயிற்று, பிறகு ஆறாவது, ஐந்தாவது. பல் முளைத்த நான்கும் மிஞ்சியபோது விக்டோரியாவின் கை நின்றது.

"அதயும் பிரி," என்றாள் ரத்னா. "இன்னாத்துக்கு வெச்சிக்கினு."

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணி சோறு வடிக்கிற நேரம்.