டிராகன் பாய்ந்த அரை அங்குலம்

1

இது ஒரு போர்க்குறிப்பாக இருந்திருக்க வேண்டியது. ஒரு பக்கம், நாலைந்து தவறுகள், அடியில் கையெழுத்து. அதை எழுத வக்கில்லாமல்தான் கதை எழுத உட்கார்ந்தேன். கதையில் வருகிறவனை 'அவன்' என்றே சொல்லப்போகிறேன். அவன் நான்தான். 'நான்' என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

2

(முதல் தொடக்கம்: 'மூடுபனி விலகியபோது பாதாள வேந்தனின் சேனை…' அடித்துவிட்டேன். மூடுபனியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பொம்மைப்போர் ஆடுகிற எங்கள் கிளப்பின் மாடி அறை, ஞாயிறு மதியம், ஒரு நீள மேசை.)

அவன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஊரார் பிழையெல்லாம் கண்ணில் படும். அவனுடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தையல்காரர். பதினோரு வருடமாக இருவரும் ஞாயிறுதோறும் மேசைமேல் போர் செய்கிறார்கள். கட்டைவிரல் உயரப் பொம்மைகள், அவரவரே வண்ணம் தீட்டியவை. அவனுக்குப் பூதப்படை, அவருக்குக் குள்ளர்படை.

எதிரிமேல் பாய்வதற்கு ஒரு விதி உண்டு. 'பாய்கிறேன்' என்று முதலில் சொல்லிவிட வேண்டும், அப்புறம்தான் டேப் வைத்து அளக்கலாம். எட்டாவிட்டால் பாய்ந்த படை நடுவழியில் நின்று உதை வாங்கும். ஆகவே கண்ணளவு தெரிந்தவன்தான் ராஜா. மச்சான் முப்பது வருடமாக ஆளைப் பார்த்த மாத்திரத்தில் துணி வெட்டுகிறவர். அவன் அவரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவன் பதினோரு வருடமாக, சண்டையில் யார் விழுவது என்று உருட்டிப் பார்க்கிற பகடையைத் திட்டிக்கொண்டிருந்தான்.

3

கிளப்பில் ஒரு வழக்கம். தோற்றவன் ஏற்கெனவே அனுபவித்துவிட்டான், அவனை விட்டுவிடுவார்கள். ஜெயித்தவன்தான் தன் தவறுகளை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும், அதுதான் போர்க்குறிப்பு. போன ஞாயிறு அவன் ஜெயித்துத் தொலைத்தான்.

தவறுகளுக்குப் பஞ்சமில்லை. வில்லாளிகளை மேசைமேல் வைத்த தன் அட்டைக் குன்றுக்கே பின்னால் நிறுத்தினான். ஆட்டம் முடியும்வரை அவர்கள் குன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓநாய்ப்படையைச் சதுப்பில் இறக்கினான், அது ஏறவே இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து டிராகன். நான்கு மாதம் செதில் செதிலாக வண்ணம் தீட்டியது. செத்தால் மேசையை விட்டு எடுக்க வேண்டுமே என்று மூலையிலேயே பொத்திப் பொத்தி வைத்திருந்தான். கடைசிச் சுற்றில் அவனிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

"பாயாதீங்க மாப்ளே. என் தலைவன்கிட்ட வர பன்னெண்டரை அங்குலம் இருக்கு. உங்க டிராகன் பாய்ச்சல் பன்னெண்டுதான்."

"பாயுறேன் மச்சான்."

மச்சான் மேசையின் எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். அவன் குனிந்து டேப்பை வைத்தான். சரியாகப் பன்னிரண்டு. குள்ளர் தலைவன் விழுந்தான், கிளப்பே கைதட்டியது.

(இங்கே ஒரு வாக்கியம் வர வேண்டும். 'டேப்பின் முனை டிராகனின்…' அப்புறம் பார்க்கலாம்.)

4

வியாழக்கிழமை அவன் கடைக்குப் போனபோது மச்சான் ஒரே சட்டைத்துணியை நான்காவது தடவையாக அளந்துகொண்டிருந்தார். துணி முழுக்கச் சாக்கட்டிக் கோடு, கோட்டுக்குமேல் கோடு. கத்திரி இன்னும் தொடப்படவில்லை.

"கண்ணு போச்சு மாப்ளே," என்றார். "டாக்டர் ஒண்ணுமில்லங்கிறார். அவருக்கென்ன தெரியும்? அரை அங்குலம் தப்பினா அக்குள் பிடிக்கும். மூணு நாளா ஒரு துணி வெட்டல. வெட்டுறதுக்கு வேற ஆள் போட்டுடலாம்னு பாக்குறேன்."

"அப்படியெல்லாம் இல்ல மச்சான்," என்றான் அவன். ஒரு டீயும் குடித்துவிட்டு வந்தான்.*

* 'அங்கேயே சொல்லியிருக்கலாமே' என்று வாசகர் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். என் மனைவிக்குத் தெரிந்தால் அவளும் அதைத்தான் கேட்பாள், இவ்வளவு மரியாதையாக அல்ல.

5

முடிவு அ: அவன் கடையிலேயே உண்மையைச் சொல்கிறான், மச்சான் சிரித்துக் கட்டிக்கொள்கிறார். நல்ல முடிவுதான். ஆனால் அவன் டீ குடித்துவிட்டு வந்துவிட்டானே.

முடிவு ஆ: மச்சான் புதுக் கண்ணாடி போடுகிறார், எல்லாம் சரியாகிறது, அவன் வெற்றியும் பிழைக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற முடிவு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு நாள் இதைத்தான் வைத்திருந்தேன். அடித்தும் அடிக்காமலும் கையெழுத்துப் பிரதியில் இன்னும் தெரிகிறது.

முடிவு இ: அவன்

இல்லை, இனி 'அவன்' வேண்டாம். டேப்பின் முனை டிராகனின் காலடியில் இல்லை. அரை அங்குலம் முன்னால், என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. கை தவறவில்லை, நான்தான் வைத்தேன். ஒரே ஒருமுறை உங்களை ஜெயிக்க வேண்டுமென்று அவ்வளவு ஆசையாக இருந்தது.

இதைச் சுவரில் ஒட்டுவதற்கு முன் கடையில் கொண்டுவந்து கொடுக்கப்போகிறேன். ஆகவே முதல் வாசகர் யாரென்று எனக்குத் தெரியும். முடிவை அவரே எழுதிக்கொள்ளட்டும். என் எலும்பை எண்ணுவதாக இருந்தாலும் சரி.

மச்சான், உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. என்னை என்ன பண்றதுன்னு அப்புறம் யோசிங்க. முதல்ல கத்திரிய எடுங்க.