மூன்றாவது சுற்று

பக்கத்து வீட்டுத் தச்சர் பின்பக்கம் வந்து, மகள் வந்துவிட்டாள் என்று சொன்னபோது, மெக்கானிக் விரல் இடுக்கில் அப்பியிருந்த கிரீஸைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது முறையாகக் கை கழுவுகிறார். காலையில் அந்தக் கைகளால்தான் மனைவியைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார். அவளுடைய வெளிர்மஞ்சள் ரவிக்கையின் தோளில் நாலு விரல்கள் கறுப்பாகப் பதிந்துவிட்டன. பெண்கள் வேறு ரவிக்கை மாற்றிவிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கூடத்தில் மகள் அம்மாவின் உடலருகே, கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். நாலு மணி நேரமும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்திருக்க வேண்டும், முகம் வீங்கியிருந்தது. அவரைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளில் சாய்ந்தாள். அவர் ஈரக் கைகளை அவள் முதுகில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

மனைவியின் அக்கா அடுத்த தெருவிலிருந்து முதல் ஆளாக ஓடி வந்தவள். வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகளிடமும் சொன்னாள்.

"ஒன்பதரைக்கு போன்ல பேசினேன். நெஞ்சு கரிக்குதுக்கா, வேர்த்துக் கொட்டுதுன்னா. அவரைக் கூப்பிடுடின்னேன். கூப்பிட்டேன், வரேன்னாரு, இன்ஜின்ல ஹெட் போல்ட்டு முறுக்கிட்டிருக்காரு, பாதியில விட்டா எல்லாம் கெட்டுப்போயிடும், முடிச்சிட்டே வரட்டும்னா. போற நேரத்துலயும் புருஷன் வேலை கெடக்கூடாதுன்னு நினைச்சிருக்கா பாரு."

கேட்டவர்கள் மெக்கானிக்கை இரக்கத்தோடு பார்த்தார்கள். தச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பசை போட்டு இறுக்கிய பலகையைத் தானும் நடுவில் விட்டுவிட்டு எழுந்து போக மாட்டேன், கைவேலைக்காரன் கஷ்டம் கைவேலைக்காரனுக்குத்தான் தெரியும் என்றார். அவர் சொன்ன ஒவ்வொரு ஆறுதலும் மெக்கானிக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

அறுபது வருஷத்துப் பழைய கார் அது. பணிமனை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் காயலான் கடையிலிருந்து இழுத்து வந்து, கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் நிறுத்தினார். எட்டு வருஷமாகப் பகலெல்லாம் அங்கேதான். "எங்க வீட்டுக்காரர் வெளியில எங்கயும் போகமாட்டார். சின்ன வீடு கொல்லையிலயே இருக்கு" என்று மனைவி வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த இன்ஜினின் அடிப்பாகத்துக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வைக்கிற செம்பு கேஸ்கெட் கிடைக்க ஏழு மாதமானது. இன்று காலை எட்டு மணிக்கு அடிப்பாகத்தை வழித்துத் துடைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, கேஸ்கெட்டை வைத்து, மேலே ஹெட்டை இறக்கினார். பத்து போல்ட்டுகள். நடுவில் தொடங்கிக் குறுக்கும் மறுக்குமாக வெளியே போக வேண்டும். அதையும் ஒரேயடியாக முறுக்கக் கூடாது. முதல் சுற்று லேசாக, இரண்டாவது இன்னும் கொஞ்சம், மூன்றாவதில் முழு இறுக்கம்.

இரண்டாவது சுற்றில் ஆறு போல்ட் முடிந்திருந்தபோது சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

"நாலு போல்ட்டுதான். இதோ வந்துட்டேன்."

நாலும் முடிந்தது. கை துடைக்கத் துணியைக்கூட எடுத்துவிட்டார். அப்போது மறுபடியும் கூப்பிட்டாள். இந்தத் தடவை "ஏங்க" மட்டும்தான். குரல் தணிந்திருந்தது. அவர் "ம்" என்றார். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. துணியை வைத்துவிட்டு, ரெஞ்சின் அளவை மூன்றாவது சுற்றுக்குத் திருகி வைத்தார். சரியான இறுக்கம் வந்ததும் அந்த ரெஞ்சு டக்கென்று ஒரு சத்தம் கொடுக்கும். பத்து முறை அதைக் கேட்டார். பிறகு விளிம்பில் மெல்லிய கோடாகத் தெரிந்த செம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, திருப்தியோடுதான் உள்ளே போனார். அவள் சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் கிடந்தது.

ஆம்புலன்ஸில் வந்தவர், எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டார். "இப்பத்தான்" என்றார் மெக்கானிக். உங்களை இருபது நிமிஷம் முன்னால் கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திருப்பிக் கேட்க நினைத்தார். கேட்கவில்லை.

ஒரு சுற்று முடிந்தபின் அரை மணி நிறுத்தலாம். அரை நாள்கூட நிறுத்தலாம். ஒன்றும் கெட்டுப்போகாது. பாதியில் விட்டால் கெட்டுவிடும் என்பது அவரே கட்டிய கதை. எப்போதோ, யார் வீட்டு விசேஷத்துக்கோ கிளம்பச் சொன்னபோது தப்பிப்பதற்காகச் சொன்னது. பலித்ததும் பழக்கமாகிவிட்டது. அவள் முப்பது வருஷமாக அதை நம்பினாள். கடைசியாக அக்காவிடம் ஒப்பித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எடுப்பது என்று முடிவாகி, கூட்டம் கொஞ்சம் கலைந்தது. மெக்கானிக் வீட்டுக்குப் பக்கவாட்டில், வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தார். மகள் இன்னொரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். வெயில் சுவரில் பாதிக்கு ஏறியிருந்தது.

"அப்பா, அம்மா உங்களைக் கூப்பிட்டாங்களா?"

பெரியம்மா சொன்ன கதை ஊர் முழுக்கப் போயாகிவிட்டது. ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"ரெண்டு தடவை கூப்பிட்டா."

சின்ன வயதில் போல்ட் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றையும் அவருக்கு எண்ணிச் சொன்னவள் மகள்.

"ரெண்டாவது தடவை கூப்பிட்டப்போ எந்தச் சுத்துல இருந்தீங்க?"

"ரெண்டாவது முடிஞ்சிருந்துச்சு."

"மூணாவது?"

"ஆரம்பிக்கல."

அவள் குரல் உயரவில்லை. "என்னை ஸ்கூல்ல விடுறதுக்கு, சுத்து முடிஞ்சதும் அப்படியே போட்டுட்டு வருவீங்களேப்பா."

"ஆமா."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தூரத்து உறவுக்காரர்கள் நாலைந்து பேர் இறங்கினார்கள். பெரியம்மா அழுதுகொண்டே அவர்களை எதிர்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். நெஞ்சு கரிக்கிறது என்றாளாம். கூப்பிட்டாளாம். பாதியில் விட முடியாத வேலையாம். மெக்கானிக் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் போய் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தார். சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

மகள் எழுந்தாள். பெரியம்மா சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டாள். பிறகு, வந்தவர்களுக்காகச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். ஒன்று குறைந்தது. திரும்பி வந்து, அவருக்குப் பக்கத்தில் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனாள்.