ஹால் டிக்கெட்டில் உள்ளபடி

இன்னும் இருபது நாளில் தமிழ்மாறன் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். வீடு மனைவி சரிதாவின் பெயரில் இருந்தது. நர்ஸ், பெர்மனென்ட். போன மாசம் காய்ச்சலில் போய்விட்டாள். சுரங்கத்தில் அவன் வெறும் கான்ட்ராக்ட். பிஎச்.டி. இடம் கிடைத்தால் பல்கலைக்கழக ஹாஸ்டலில் ஒரு கட்டில் உண்டு. கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று அவன் யோசிக்கவில்லை. யோசிப்பதெல்லாம் சரிதாவின் வேலையாக இருந்தது.

நுழைவுத் தேர்வு டவுன்ஷிப்பிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. இரண்டு மணி நேரம், நூறு கேள்வி. ஆராய்ச்சி முறை ஐம்பது, நிலவியல் ஐம்பது. தப்புக்கு மார்க் குறையாது. ஐம்பது எடுத்தால் நேர்காணல். இவ்வளவும் அவனுக்கு மனப்பாடம். விடைத்தாளில் இரண்டு, வருகைப் பதிவில் ஒன்று, மூன்று கையெழுத்தும் ஹால் டிக்கெட்டில் உள்ளபடி இருக்க வேண்டும் என்ற விதியைத்தான் படிக்காமல் விட்டான்.

ஹால் டிக்கெட்டில் இருந்தது சரிதா போட்ட கையெழுத்து. விண்ணப்பத்தின் கடைசி நாளில் அவன் சுரங்கத்துக்குள் இருந்தான். கீழே போன் எடுக்காது. அவளே அவன் பெயரை எழுதி, படம் பிடித்து ஏற்றிவிட்டாள். ஷிப்டு பார்க்கிற வீடுகளில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை.

கண்காணிப்பாளர் பரமசிவம் சுரங்க ஸ்டோரில் முப்பது வருஷம் கையெழுத்து சரிபார்த்து ரிட்டயர் ஆனவர். கேள்வித்தாளில் அவன் வழக்கம்போலப் போட்ட கையெழுத்தையும் ஹால் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார் கையெழுத்து தம்பி இது?"

"என்னுதுதாங்க."

"இதை நம்பி ஒரு நட்டுகூட குடுத்திருக்க மாட்டேன். கேள்வித்தாள் கடைசிப் பக்கத்துல, டிக்கெட்ல இருக்கற மாதிரியே போட்டுப் பழகு. வந்தப்பறம் விடைத்தாள் தரேன்."

போட்டான். பரமசிவம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, பார்த்தார். "ழ வாலு இன்னும் கீழ எறங்கணும்."

பின் பெஞ்சிலிருந்து கண்ணகி என்ற பெண் எட்டிப் பார்த்தாள். "அண்ணா, சுழிச்சுட்டு எறக்குங்க. அது பொம்பள எழுத்து மாதிரி இருக்கு."

"யாரும் பேசக்கூடாது!" என்றார் பரமசிவம். பிறகு குனிந்து, "அந்தப் பொண்ணு சொல்றது சரிதான். சுழி" என்றார்.

பதினேழு தடவை ஆயிற்று. ஐம்பது நிமிஷம் போயிற்று. சரிதா பேனாவைச் செங்குத்தாகப் பிடிப்பாள், காய்ச்சல் அட்டையில் எழுதுகிற அவசரத்தில். அவனும் அப்படிப் பிடித்தான். கை தானாகச் சுழித்து இறங்கியது.

"இதுதான் உன் கையெழுத்து" என்றார் பரமசிவம். "மொதல்ல போட்டது யாருதோ."

மூன்று இடத்திலும் போட்டான். அறுபத்தெட்டாவது கேள்வியில் மணி அடிக்கப் போவதாகச் சொன்னார்கள். மீதி எல்லாவற்றுக்கும் இரண்டாவது வட்டத்தையே கறுப்பாக்கினான்.

தாளை வாங்கும்போது பரமசிவம் எச்சரித்தார். "இனிமே மாத்திப்புடாத. நேர்காணல்ல பார்ப்பாங்க. இடம் கெடச்சா ஆறு மாசத்துக்கு ஒருக்கா அறிக்கையில பார்ப்பாங்க. அஞ்சு வருஷம் தம்பி."

"சரிங்க."

ஐம்பத்தொரு மார்க். நேர்காணலுக்கு முந்தைய மூன்று நாளும் அவன் புத்தகத்தைத் தொடவில்லை. ஒரு நோட்டு முழுக்கத் தன் பெயரையே எழுதினான். நேர்காணலில் கையெழுத்தை ஒப்பிட்டார்கள், குழுவில் இருந்த ஐந்து பேரும் தலையாட்டினார்கள், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். கேள்வி எதுவும் இல்லை.

இடம் கிடைத்தது. ஹாஸ்டல் பதிவேட்டில் நிதானமாகச் சுழித்து இறக்கினான். வார்டன் அதைப் பார்க்கக்கூட இல்லை. சாவியைக் கொடுத்தார்.