காரணம் ஒன்று மட்டும்

வனத்துறை அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவனுக்குக் காடு எதற்குத் தெரிய வேண்டும்? பதிவேடு தெரிந்தால் போதாதா? இருபது வருடமாக இப்படித்தான் இருந்தேன். அன்று காலை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவமும் வானத்திலிருந்து எடுத்த ஒரு படமும் வந்து என் நிம்மதியைக் கெடுத்தன. படத்தில் ஏழாம் எண் மலைச்சரிவில் காட்டையே காணோம். கோடு போட்ட நோட்டு மாதிரி வரிவரியாக ஏதோ பயிர். என் பதிவேட்டிலோ அங்கே அறுநூறு ஏக்கர் காடு, அதுவும் வருடா வருடம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. அதற்காக அலுவலகத்துக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்து, கண்ணாடிச் சட்டம் போட்டு என் தலைக்கு மேலேயே மாட்டியிருக்கிறோம்.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம். 'அழிந்ததற்கான காரணம் (ஒன்று மட்டும்)'.

"அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். ஒண்ணும் தெரியலன்னா காவலர் கவனக்குறைவுன்னு போட்டுடுங்க. அவர் வேலை போகும், நம்ம தலை தப்பும்" என்றார் அதிகாரி.

சொல்லிவிட்டுப் போய்விட்டார் மகராசன். அந்தக் காவலர் என் தங்கை புருஷன். வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். தடித்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை போனால் என் தங்கையும் இரண்டு பிள்ளைகளும் என்ன ஆவார்கள்?

மர அறுவை மில் முதலாளிக்குப் போன் போட்டேன்.

"நான் வெட்டினேன், இல்லங்கல. ரோடு இருந்துச்சு, லாரி போச்சு, வெட்டினேன். ரோடு போட்டவரைக் கேளுங்க சார்."

ரோடு இன்ஜினியர் சிரித்தார். "எனக்கென்ன ஆசையா? மூட்டை எறக்க வழியில்லன்னு விவசாயிங்க மனு மேல மனு குடுத்தாங்க. அவங்களைக் கேளுங்க."

விவசாயிகள் சங்கத் தலைவி அதட்டலாகப் பேசுகிறவர். "நாங்க ஒரு மரத்தையும் தொடலப்பா. மில்லுக்காரன் வெட்டிட்டுச் சும்மா போட்ட எடத்துலதான் வெதைச்சோம். அவனைப் போய்க் கேளு."

மறுபடியும் மில்லா? எனக்குத் தலை சுற்றியது. யார் முதலில், யார் பிறகு? வெட்டியதால் விதைத்தார்களா, விதைக்கத்தான் வெட்டினார்களா? ஒரு தாளில் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன், வட்டமாக வந்து நின்றது. ஒரு கட்டத்துக்குள் வட்டத்தை எப்படி எழுதுவது? எல்லாரும் கடைசியில் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "உங்க ஆபீஸ் குடுத்த அனுமதி இருக்கு."

அனுமதி கொடுத்தது உண்மைதான். 'காடு கூடி வருகிறது, வெட்ட அனுமதிக்கலாம்' என்று வருடா வருடம் குறிப்பு எழுதியதே நான்தான்.

மணி நாலரை. எரிச்சல் தாங்காமல் தலைவியை மறுபடி கூப்பிட்டேன். "ஏம்மா, வருஷா வருஷம் நான் போன் பண்ணிக் கேக்குறப்ப, எங்க பக்கம் இவ்ளோ ஏக்கர் காடு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப எங்கம்மா போச்சு அந்தக் காடு?"

"எங்கயும் போகலையே! இந்த வருஷம் இன்னும் இருபது ஏக்கர் கூட. நல்ல வெளைச்சல். எல்லாம் சோளக்காடு."

போன் கையிலேயே இருந்தது. சோளக்காடு. அடப்பாவி, நானும் தமிழ் பேசுகிறவன்தானே? காடு என்றால் அந்த அம்மாவுக்கு விதைக்கிற நிலம், எனக்குப் பதிவேட்டின் நாலாம் பத்தி. மாப்பிள்ளை எழுதி அனுப்பும் அறிக்கை கோழிக் கிறுக்கலாக இருக்கிறதென்று தூக்கிப் போட்டுவிட்டு, பதினோரு வருடமாகச் சோளத்தை வனமென்று எழுதியிருக்கிறேன். சோளம் கூடக் கூட வெட்ட அனுமதி, அனுமதி கூடக் கூடச் சோளம்.

அப்போதும் குழப்பம் தீரவில்லை. கோடரி என் கையில் இல்லை, விதை என் கையில் இல்லை. நான் காரணமா? ஆனால் அந்தக் கட்டத்தில் மாப்பிள்ளையை எழுத என் கை வரவில்லை. 'எழுத்தர்' என்று எழுதி, கீழே என் கையெழுத்தையும் போட்டு, அதிகாரி வருவதற்குள் அனுப்பிவிட்டேன்.

வெளியே வந்து மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "என்னை மன்னிச்சிடுங்க மாப்ள. காடு கொறையுதுன்னு நீங்க வருஷா வருஷம் சொன்னீங்க. பதிவேட்டுல கூடுது, உங்க கண்ணுலதான் கோளாறுன்னு நான் கேலி பண்ணினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"டாக்டர் என் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாரு, மச்சான். நீங்க படிச்சவங்க, தப்பா சொல்ல மாட்டீங்கன்னு நான்தான் அடம்பிடிச்சு இதை வாங்கி மாட்டிக்கிட்டேன்."