இரண்டு பெரிய நாடுகளும் ஒரு டாக்சியும்

கப்பல்கள் போகிற ஏதோ ஒரு ஜலசந்தியை யாரோ அடைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்த மூன்றாம் நாள், பெட்ரோல் விலை அந்த மாதத்தில் மூன்றாவது முறையாக ஏறியது. ரயில் நிலைய வாசலில் இருந்த டாக்சி ஸ்டாண்டில் இருபத்தொரு வண்டிகள். இருபத்தொரு ஓட்டுநர்களுக்கும் அந்த ஜலசந்தியைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருந்தது. அது உலகத்தில் எந்த மூலையில் இருக்கிறதென்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்கூடத் தேறமாட்டார்கள். அதனால் கருத்துக்கு ஒன்றும் பஞ்சம் வந்துவிடவில்லை.

அவர்களில் ஒருத்திதான் பெண். மீட்டர் காட்டுவதற்கு மேல் ஒரு காசு கேட்கவும் மாட்டாள், ஒரு காசு விடவும் மாட்டாள் என்பதால் ஸ்டாண்டில் அவளுக்கு ‘மீட்டரக்கா’ என்று பெயர். பதினான்கு வருஷமாக ஓட்டுகிறாள். அவளுடைய வண்டி மேடு ஏறும்போதெல்லாம் இருமும். இறங்கும்போது பெருமூச்சு விடும். அன்று மத்தியானம், எல்லோரும் பேசி ஓய்ந்த நேரத்தில், அவள் பின்கதவைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“நான் கரண்டு வண்டி வாங்கப் போறேன்.”

சங்கச் செயலாளர் டீயை உறிஞ்சுவதை நிறுத்தினார். “எதும்மா? அந்த நாட்டுக்காரன் செய்யறதா?”

“அவன்தானே நம்ம கைக்கு எட்டுற மாதிரி விக்கிறான்.”

“அது வண்டி இல்லம்மா. பொம்மை.”

“பொம்மைன்னா சாவி கொடுத்து ஓட்டிக்கிறேன், விடுங்க” என்றாள்.

வீட்டில் இதைவிடப் பெரிய சபை கூடியது. அவளுடைய அண்ணன் தபால் நிலையத்தில் வெளிநாட்டுத் தபால் பிரிக்கும் குமாஸ்தா. எல்லா நாட்டு முத்திரைகளையும் தினமும் கையால் தொடுகிறவர் என்பதால் எல்லா நாட்டு ரகசியமும் தனக்குத் தெரியும் என்று நினைப்பு. குடும்பத்தில் அவருக்கு ‘வெளியுறவு’ என்று பட்டம். உள்ளுறவில் யாரோடும் ஒத்துப்போகாத மனிதர். தங்கை வீட்டுக்கு மட்டும் சாயங்காலம் தவறாமல் வந்துவிடுவார்.

“கேட்டுக்கோம்மா” என்று அவர் மேஜைமேல் உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் எதிரெதிராக வைத்தார். “இவன் ஒரு பெரிய நாடு. அரசாங்கமே பணத்தைக் கொட்டி வண்டிய மலிவா தள்ளி விடுறான். அவன் இன்னொரு பெரிய நாடு. ‘அவன் வண்டிய வாங்குறவன்கூட எனக்குப் பேச்சே இல்ல’ங்கிறான். நடுவுல நாம. வர்ற மாசம் ஒண்ணாந்தேதி நம்ம ஆளுங்களும் அந்த வண்டிக்கு வரி போடப் போறாங்க. இந்த நேரத்துல அதை வாங்கறது, ரெண்டு யானை முட்டிக்கிற இடத்துல போய்ப் பாயை விரிக்கிற மாதிரி.”

“அப்ப ஒண்ணாந்தேதிக்கு முன்னாடி வாங்கிடணும்.”

“நான் என்ன சொல்றேன், நீ என்ன சொல்றே!”

“அண்ணே, பெட்ரோல் எவனோ ஒருத்தனோட கடல் வழியா வருது. கரண்டுல பாதியாவது நம்ம அணையிலேர்ந்து வருது.”

“மீதிப் பாதிக்கு நிலக்கரி வெளியிலேர்ந்துதான் வருது, தெரியுமா?”

“தெரியும். முழுசா மாட்டிக்கிறதுக்குப் பாதி மாட்டிக்கிறது மேலில்லையா?”

இவ்வளவு நேரமும் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். எஞ்சினுக்குள் பிஸ்டனைச் சுற்றி மாட்டும் இரும்பு வளையங்கள் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. ரிங் என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே சாணை இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவர். விரல் நுனியால் தடவியே ஒரு ரிங் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார்.

“அந்த வண்டியில பிஸ்டன் கிடையாது” என்றார் கடைசியில்.

அவளுக்கு அது தெரியாமல் இல்லை. மனசுக்குள் முடிவெடுத்ததிலிருந்து நான்கு நாளாக இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தாள்.

“கிடையாதுங்க. நான் வாங்கலைன்னா உங்க ஃபேக்டரிக்கு ஒரு ஆர்டராவது கூடுதலா வருமா? சொல்லுங்க. உங்க முதலாளியே கரண்டு வண்டியிலதான் வர்றார்னு நீங்கதானே சொன்னீங்க.”

“அவர் வாங்கறது வேற. எம் பொண்டாட்டி வாங்கறது வேற.”

“வேறதான். அவருக்கு அது சௌகரியம். எனக்கு அது பொழப்பு.”

அவர் கை கழுவ எழுந்து போனார். குழாயடியில் ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்து, “வாங்கினா பழசைப் பாத்து வாங்கு. புதுசுன்னா முதல் வருஷமே பாதி விலைக்கு இறங்கிடும். பேட்டரி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு எழுதி வாங்கிக்கோ” என்றார். அவ்வளவுதான். சம்மதமா கோபமா என்று அவளும் கேட்கவில்லை.

மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது வாங்கினாள். வெள்ளை நிறம், மூன்று வயது, சத்தமே இல்லாத வண்டி. பேட்டரிச் சோதனைச் சீட்டு பையில். ராத்திரி வீட்டு வாசலில் சார்ஜ் போட்டால் காலையில் நிரம்பியிருக்கும். முதல் மாதமே எரிபொருள் செலவு மூன்றில் ஒன்றாகியது. ஸ்டாண்டில் இரண்டு மூன்று பேர் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வந்து, “உள்ள உக்காந்து பாக்கலாமாக்கா?” என்று கேட்டார்கள்.

நான்கு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு அந்த இரண்டு பெரிய நாடுகளும் நிஜமாகவே முட்டிக்கொண்டன. ஒருவன் வரி போட்டான், மற்றவன் அதற்கு மேல் போட்டான். வண்டி செய்கிற நாட்டுக்காரர்கள் நம் ஆட்கள் போட்ட வரிக்கும் கோபித்துக்கொண்டு இங்கிருந்த தங்கள் விற்பனை அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் போனார்கள். அதே வாரம், கணவரின் தொழிற்சாலையில் ரிங் வாங்கிக்கொண்டிருந்த, சண்டையில் எதிர்ப்பக்கம் நின்ற அந்தப் பெரிய நாடு வெளியிலிருந்து வரும் எல்லா இரும்புக்கும் வரி போட்டு ஆர்டரை நிறுத்திவிட்டது. மூன்றாவது ஷிப்டை மூடினார்கள். கணவர் மூன்றாவது ஷிப்ட்.

பட்ட காலிலே படும் என்பார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வண்டிக்குச் சார்ஜ் போட்டபோது பச்சை விளக்குக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. வீட்டுக் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி ஒன்று வண்டிக்குள் இருக்கிறது, அது போய்விட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். “மாத்த வேண்டிய புதுப் பெட்டி துறைமுகத்துல கன்டெய்னருக்குள்ள நிக்குது. சண்டை முடிஞ்சாத்தான் வெளியில வரும்.”

“சண்டை எப்ப முடியும்?”

“அதை என்னைக் கேட்டா?”

பேட்டரியில் ஒன்பது சதவீதம் இருந்தது. வண்டி வாசலில் நின்றது. வீட்டுக்குள் கணவர் நின்றார், உட்கார்ந்தார், மறுபடியும் நின்றார். அவர் ஜன்னல் பக்கம் போனால் இவள் சமையலறைக்குப் போவாள்; இரண்டு பேரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிவிடக்கூடாதே என்று பயந்து நடந்தார்கள். எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? உப்பு டப்பாவின் மேலா, சர்க்கரை டப்பாவின் மேலா?

வெளியுறவு வந்து, “நான் அப்பவே சொன்னேன்” என்று ஆரம்பித்தார்.

அவள் வண்டிக்குள்ளிருந்து கையேட்டை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். முழுக்க அந்த நாட்டு மொழி.

“அண்ணே, உங்களுக்கு இந்த எழுத்து தெரியும்தானே?”

“விலாசம் படிக்கிற அளவுக்குத் தெரியும்…”

“அகராதியை வெச்சுக்கிட்டுப் படிங்க. இந்த வண்டிக்கு உயிர் கொடுக்க வேற வழி எங்கேயாவது எழுதியிருக்கும். கருத்து போதும்ணே. இதைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க.”

தங்கை தன்னிடம் ஒரு வேலை கேட்டு வருஷக்கணக்காகிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். பத்து நாள் தபால் நிலையத்திலிருந்து நேராக வந்து அகராதியோடு உட்கார்ந்தார். பதினோராம் நாள் முந்நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, “இங்க வாம்மா” என்று கத்தினார். நெடுஞ்சாலைகளில் இருக்கும் வேக சார்ஜர், வண்டிக்குள் இருக்கும் அந்தப் பெட்டியைத் தொடுவதே இல்லை. நேராக பேட்டரிக்கே கரண்டை ஏற்றுகிறது. வழியே வேறு.

ஊருக்கு மிக அருகில் இருந்த வேக சார்ஜர் பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி. பேட்டரி இதற்குள் எட்டு சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடும் என்று திரை சொன்னது. கயிறு கட்டி இழுத்துப் போகக்கூடாது, அப்படி இழுத்துச் சக்கரம் உருண்டால் மோட்டார் கெட்டுவிடும் என்று அதே கையேட்டில் இருந்தது.

“திரை சொல்றதை நம்பலாமா?” என்றார் அண்ணன்.

“போய்ப் பாத்துடலாம்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாலை காலியாக இருந்த நேரம். கணவர் தானாகவே வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தார். ஏசி இல்லை, ரேடியோ இல்லை. நாற்பதுக்கு மேல் போகவில்லை. பாதி வழியில் பாலம் ஒன்று மேடேறியது; ஏறி முடிப்பதற்குள் ஐந்து சதவீதம் நாலாகி, நாலு மூன்றாயிற்று. கணவர் திரையைப் பார்க்காமல் சாலையையே பார்த்தார்.

“இறக்கத்துல காலை எடுத்துடு. கொஞ்சம் திரும்ப ஏறும்னு மச்சான் படிச்சாரே” என்றார்.

எடுத்தாள். மூன்று மூன்றாகவே நின்றது. ஒரு சதவீதத்தில் சார்ஜர் முன்னால் போய் நிறுத்தினாள். கனமான அந்த வயரைக் கணவர்தான் இரண்டு கையாலும் தூக்கி மாட்டினார். நான்கு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விளக்கு பச்சையாக எரிந்தது. அவள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

வேக சார்ஜருக்கு வீட்டுக் கரண்டைவிட அதிகம் ஆகும். போக வர நேரமும் ஆகும். கூட்டிக் கழித்துப் பார்த்தாள். அப்படியும் பெட்ரோலைவிடக் குறைவுதான். மறுநாளே ஸ்டாண்டுக்குப் போனாள்.

அங்கே வேறொன்று காத்திருந்தது. நம்மைப் பகைத்துக்கொண்டு போன நாட்டின் வண்டி சங்க வரிசையில் நிற்கக்கூடாது என்று செயலாளர் தீர்மானம் எழுதி வைத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவர் தம்பியும் ஏதோ எஞ்சின் தொழிற்சாலையில் வேலை போய் வீட்டில் இருக்கிறான். புதன்கிழமை மத்தியானம் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள்.

“தனிப்பட்ட விரோதம் இல்லம்மா” என்றார் செயலாளர். “உன் வீட்டுக்காரர் வேலையே இந்த வண்டியாலதானே போச்சு? உனக்கே அது உறுத்தலையா?”

அவள் எழுந்தாள்.

“எங்க வீட்டுக்காரர் வேலை போனது வண்டியால இல்ல, இரும்புக்குப் போட்ட வரியால. ஆனா பொய் சொல்ல மாட்டேன். இன்னும் பத்து வருஷத்துல இந்த வண்டியாலயும் போகலாம். அதை எங்க வீட்டுல நாங்க பேசியாச்சு. அது எங்க பாடு. அந்த நாட்டுமேல எனக்கும் பாசம் இல்ல. என்னை நடுத்தெருவுல விட்டுட்டுப் பூட்டிக்கிட்டுப் போனவன். அவனோட முட்டிக்கிற அந்த இன்னொரு நாடும் யோக்கியம் இல்ல. ரெண்டு பேரும் அவங்கவங்க ஃபேக்டரியைக் காப்பாத்துறாங்க. தப்பில்ல. நானும் என் வண்டியைக் காப்பாத்துறேன். அதுல மட்டும் என்ன தப்பு? உங்க கையில இருக்கிற செல்போன் எந்த நாடு? உங்க வண்டி ஹார்ன் எந்த நாடு? பானட்டைத் திறந்து பாப்போமா?”

“செல்போனும் வண்டியும் ஒண்ணா?” என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

“ஒண்ணில்லதான். செல்போன் இல்லாம நான் ஒரு நாள் இருந்துடுவேன். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு என் வண்டி வரிசையில நிக்கும். வேண்டாங்கிறவங்க தள்ளி விடுங்க. ஒண்ணே முக்கால் டன் எடை. காலை ஆகாரம் சாப்பிட்டுட்டு வாங்க.”

யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கை தூக்கிப் பார்த்ததில் தீர்மானத்துக்கு எட்டுப் பேர், எதிர்த்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் டீ குடிக்கப் போயிருந்தார். செயலாளர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “ஆறு மணிக்கு நானும் வருவேன். தள்ளுறதுக்கு இல்ல” என்றார்.

தொழிற்சாலை மூன்றாவது ஷிப்டைத் திறக்கவில்லை. இரண்டு மாதம் காத்திருந்த கணவர் ஒரு நாள் காலை முகச்சவரம் செய்துகொண்டு, டாக்சி உரிமத் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி வந்தார். முதல் தடவை பின்பக்கமாக நிறுத்துவதில் தோற்றார். இரண்டாவது தடவை தேறினார். காலையில் அவள், மத்தியானத்துக்கு மேல் அவர் என்று ஒரே வண்டியில் இரண்டு ஷிப்ட் ஏற்பாடாயிற்று. இருபத்திரண்டு வருஷம் ஒரே இடத்தில் நின்ற மனிதருக்கு ஊரில் பாதித் தெரு தெரியாது. பயணிகளே வழி சொன்னார்கள்.

“கூச்சமா இல்லையாங்க?” என்று ஒருநாள் சாவியைக் கைமாற்றும்போது அவள் கேட்டாள்.

“எதுக்கு?”

“பிஸ்டன் இல்லாத வண்டி ஓட்டுறதுக்கு.”

அவர் இருக்கையைத் தன் உயரத்துக்கு ஏற்றபடி பின்னால் தள்ளிக்கொண்டார். “வருத்தம் இருக்கு. கூச்சம் இல்ல” என்றார். “நகரு, ரயில் வந்துடுச்சு.”

அவள் நகர்ந்தாள். இரண்டு பெட்டிகளோடு ஒரு பெண்மணி ரயில் நிலைய வாசலில் கை காட்டிக்கொண்டு நின்றாள். வண்டி சத்தமில்லாமல் புறப்பட்டு அந்தப் பெண்மணி பக்கம் போயிற்று.